நெஞ்சுச் சூடு

துணியின் நுனி இடது பக்கம் செருகியிருந்தது.

தையல்காரியின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. ஆண் சட்டைக்குப் பட்டன் எந்தப் பக்கம், பெண் சட்டைக்கு எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள் அவள். பிள்ளையைத் துணியில் சுற்றினால் நுனியைத் தன் வலது கைப் பக்கம்தான் செருகுவாள்; கை தானாகச் செய்கிற காரியம், அதற்கு யோசனையே தேவையில்லை. வயிற்றுத் தையலை ஒரு கையால் தாங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போய்விட்டு வருவதற்குள், கட்டில் நடுவே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் துணி பக்கம் மாறியிருந்தது. அவள் சுற்றுவதைவிடச் சீராகவும் இருந்தது. கால் உதைக்க இடம் விட்டு, மார்புப் பக்கம் இரண்டு விரல் நுழைகிற மாதிரி.

பிரித்துப் பார்த்தாள். உள்ளே டயப்பர் புதியது. அதன் மேல் விளிம்பு, கறுத்துக் காய்ந்துகொண்டிருந்த தொப்புள்கொடித் துண்டின்மேல் உரசாதபடி கீழே மடித்து விடப்பட்டிருந்தது. அப்படித்தான் மடிக்க வேண்டும், கொடி காற்றாட இருக்க வேண்டும், எதையும் பூசக் கூடாது என்று மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள்தான் சுத்தமாக மறந்துபோயிருந்தாள்.

"அண்ணி, பிள்ளைக்கு நீங்களா மாத்தினீங்க?"

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. கணவனின் அக்கா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். ஒத்தாசைக்கு வந்து தங்கியிருக்கிறவள். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பிறந்த பிள்ளையின் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்த அன்றே அதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்துவிட்டாள்.

"நான் இங்க பாத்திரத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். ஏன், பெரியவர் நனைச்சிட்டாரா?"

"இல்ல, மாத்தியிருக்கு."

"அப்ப நீதான் மாத்தியிருப்ப. தூக்கக் கலக்கத்துல நான் என் மூத்தவனுக்கு ஒரே கால்ல ரெண்டு சாக்ஸ் போட்டு விட்டிருக்கேன். போ, போய்ப் படு."

அவளும் சிரித்தாள். சரிதான், கலக்கம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் சாய்ந்தாள். தலையணையில் லேசாக ஃபினாயில் வாடை அடித்தது. அண்ணிக்குத் தும்மல் வருமென்று, அவள் வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஃபினாயில் வாங்குவதே இல்லை.

அவளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. அதுதான் அந்த நாட்களில் அவளைத் தின்ற கவலை. அடிக்கடி எழுப்பிக் குடிக்க வைக்க வேண்டும், புதுப் பிள்ளை தானாகக் கேட்கும் என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருந்ததால், வேளை தவறாமல் பிள்ளையை எடுப்பாள். உள்ளங்காலைச் சுரண்டுவாள், காதைத் தடவுவாள், கன்னத்தை மார்போடு வைப்பாள். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில் திருப்புகிற திருப்பல் இல்லை அது. வயிறு நிறைய உண்டவன் தட்டைத் தள்ளுகிற மாதிரி, ஒரு நிம்மதியான திருப்பல். குடிக்காத பிள்ளை அழ வேண்டும், சோர வேண்டும், டயப்பர் காய்ந்து கிடக்க வேண்டும். இவனோ நாளுக்கு நாள் தளதளவென்று ஆனான். டயப்பர் நனைந்துகொண்டே இருந்தது. கன்னம் உப்பியது. அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

ஒரு மதியம் பிள்ளையின் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு துளி. விரலால் ஒற்றி நாக்கில் வைத்தாள். தித்திப்பாக இருந்தது. காலையிலிருந்து அவள் மார்பில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அவளுக்கு ஒரு வழிதான் தோன்றியது. "கொஞ்சம் பவுடர் பால் கரைச்சுக் குடுத்தா என்ன, குடியா முழுகிடும்?" என்று அண்ணி வந்த நாளிலிருந்து ஓதிக்கொண்டிருந்தாள். டாக்டர் வேண்டாம் என்றாரே என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிய நேரம் பார்த்து அண்ணி புட்டியைக் காட்டுகிறாள். வேறென்ன.

"அண்ணி, எனக்குத் தெரியாம அவனுக்கு எதுவும் குடுக்கறீங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள். "என்ன குடுக்கறேன்?"

"பவுடர் பால். அவன் வாயில பால் இருந்துச்சு. என்கிட்ட பால் இல்ல. அப்ப யாரு குடுத்தது?"

"இந்த வீட்டுல பால் பவுடர் டப்பா எங்க இருக்குன்னு காட்டு. இல்ல, நானே குடுத்தேன்னு சொல்றியா? என் மூத்தவனுக்கு மீசை முளைச்சாச்சும்மா."

வேறு நேரமாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் அவனோட அம்மா. எனக்குத் தெரியணும்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அண்ணி மடித்த துணியை அப்படியே வைத்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. மறுநாள் காலை, தம்பியிடம், "எனக்கும் வீடு வாசல் இருக்குடா, பார்த்துட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது பிள்ளையின் காலை மட்டும் தொட்டுப் பார்த்தாள். "பெரியவர் கால் கதகதன்னு இருக்கு. நல்லாத்தான் பார்த்துக்கற" என்றாள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கணவன் பேருந்து ஓட்டுகிறவன். விடுப்பு முடிந்து, விடிந்ததும் பணிமனைக்குப் போய்விடுவான். திரும்பி வர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அவன் போனபிறகு வீட்டில் அவளும் பிள்ளையும்தான். இனி எது நடந்தாலும் அண்ணியின் தலையில் போட முடியாது.

அன்று மதியம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, பின்பக்க வராந்தாவில் துணி காயப்போடப் போனாள். வெயில் இருந்தும் வெளிச்சம் மங்கலாக, மழைக்கு முந்தைய புழுக்கம். கீழ்த் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போய், சத்தம் தேய்ந்து, தெரு அடங்கிய பிறகுதான் அவளுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. உள்ளறையிலிருந்து. மெத்து மெத்தென்று. உள்ளங்கையைக் குழித்து, சின்ன முதுகில், அவசரமே இல்லாமல் தட்டுகிற சத்தம். தட்டல். நிறுத்தம். தடவல். மறுபடி தட்டல். கடைசியில் பிள்ளை ஏப்பம் விட்டது.

அவள் கையிலிருந்த ஈரத்துணி காலில் விழுந்தது. ஓட முடியாது, தையல் இழுத்தது. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, அறை வாசலுக்கு வந்தாள். பிள்ளை கட்டிலில் மல்லாந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. கட்டிலுக்கு எதிரே இருந்த கை வைத்த நாற்காலியை, அங்கே யாரோ இருக்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. ஃபினாயில் வாடை, அதற்கடியில் ஈர இரும்பு மாதிரி ஒரு வாடை. நாற்காலியின் கையில் பால் சொட்டுகள் வழிந்து, பாதி காய்ந்து, பாதி இன்னும் ஈரமாக.

துடைத்தாள். சூடாக இருந்தது.

அவளுக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. வெட்கமாகவும் இருந்தது. தன் பிள்ளையைத் தன்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிற ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது. அது கொடியை நனைக்காமல் துடைக்கிறது, ஏப்பம் வரும்வரை பொறுமையாகத் தட்டுகிறது, மூச்சு முட்டாமல் மல்லாத்திப் போடுகிறது. ஒன்றிலும் தப்பு இல்லை. தப்பெல்லாம் அவளுடையது. இப்படியே போனால் இவன் யாரை அம்மா என்று நினைப்பான் என்று கேட்டுக்கொண்டாள், அழுதாள்.

விளக்கு வைத்த பிறகு வந்த கணவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தலையைத் தடவினான். "தூக்கம் கெட்டுப்போச்சு உனக்கு. நாளைக்கு எப்படியும் எடை பார்க்கக் கொண்டுபோகணும்ல, நான் அரைநாள் லீவு சொல்லிடறேன். டாக்டர்கிட்ட இதையும் சொல்லிடுவோம்."

மறுநாள் மருத்துவமனையில், பிரசவ வார்டுக்குள் நுழைந்ததுமே அந்த வாடை. அதே ஃபினாயில். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அசைந்தது. கழுத்து நிற்காத தலையை இழுத்து இழுத்துத் திருப்பியது. ஜன்னலோரக் கட்டில் பக்கம். வாயைத் திறந்து, கன்னத்தை அப்படியும் இப்படியும் தேய்த்து, பசித்த பிள்ளை மார்பைத் தேடுகிற மாதிரி தேடியது. இத்தனை நாளில் அவளை அப்படி ஒரு தடவை தேடியதில்லை. அந்தக் கட்டில் காலியாக இருந்தது, மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

கணவன் சீட்டு வாங்க வரிசையில் நின்றான். பிரசவத்தன்று இருந்த அதே நர்ஸ்தான் பிள்ளையை எடைத்தட்டில் கிடத்தினாள். "அட, பரவாயில்லையே. பிறந்த புதுசுல எல்லாரும் கொஞ்சம் இளைப்பாங்க. இவன் ஏறியிருக்கான். பால் நல்லா ஊறுது போல."

"எனக்குப் பால் வரலை சிஸ்டர்."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்லுவீங்க." நர்ஸ் திரையை இழுத்துவிட்டுத் தானே அழுத்திப் பார்த்தாள். மறுபக்கமும் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "வேற என்ன குடுக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லை. சிஸ்டர், அந்த ஜன்னலோரக் கட்டில்ல யார் இருந்தாங்க?"

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடிந்த பிறகும்.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையா? உங்க வீட்டுக்காரர் ரத்தத்துக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தார், அவருக்கே தெரியாது. அன்னிக்கு உங்களுக்கு ரத்தம் நிக்கலை. மறுபடி உள்ள கொண்டுபோயிட்டாங்க. இவனுக்கு உடம்பு சில்லுனு ஆயிட்டே வந்துச்சு. சூடு வைக்கிற பெட்டி ஒண்ணுதான் ஓடுச்சு, அதுல ஒரு குறைமாசம் இருந்தது. யாராவது நெஞ்சுல போட்டுக்கிட்டாதான் உண்டு. மனுஷ உடம்புச் சூட்டை மிஞ்சி எதுவும் இல்ல. அந்தக் கட்டில்ல இருந்தவங்களே, என் மேல போடுங்க சிஸ்டர்னு கேட்டாங்க."

"அவங்க பிள்ளை?"

"அழவே இல்லம்மா அது."

திரைக்கு அப்பால் ஏதோ பிள்ளை வீறிட்டது. நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வெளியே வர்ற வரைக்கும் அவங்கதான் வச்சிருந்தாங்க. முதல் பால் அவங்கதான் குடுத்தாங்க. இடது கைக்காரங்க. துணி சுத்தினா அவ்வளவு அழகா இருக்கும். உங்களைக் கொண்டுவந்ததும் நான் போய்ப் பிள்ளையைக் கேட்டேன். விடலை. 'இவங்கம்மா பால் குடுத்ததும் மறுபடி உங்ககிட்டயே கொண்டுவரேம்மா'ன்னு சொல்லி வாங்கினேன். நாங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது. அழுற பிள்ளைக்கு மிட்டாய் வாங்கித் தரேன்னு சொல்ற மாதிரி."

"மறுபடி கொண்டு போனீங்களா?"

"அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க." நர்ஸ் பிள்ளையைச் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். "இன்னொண்ணும் கேட்டாங்க, பாவம். அவங்க பிள்ளையைத் துணி சுத்தி அந்த மேஜை மேல வச்சிருந்தோம். 'நான் இவனுக்குச் சூடு குடுக்கறேன்ல சிஸ்டர், இவங்கம்மா வந்ததும் என் பிள்ளையை அவங்க நெஞ்சுல போடுங்க, அதுவும் சில்லுனு கிடக்கு'ன்னாங்க. சரிம்மான்னேன். வேற என்ன சொல்ல முடியும்?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபடி கொண்டுவரேன் என்ற ஒற்றைச் சொல்லே மண்டைக்குள் சுற்றியது. கொண்டுபோகவில்லை. அதனால் அவள் வருகிறாள்.

"எப்படி சிஸ்டர் இவனை எனக்குப் பழக்கறது?"

நர்ஸுக்கு அது சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டிருக்க வேண்டும். "இந்த வயசுல கண்ணு சரியா தெரியாது. மணம்தான் எல்லாம். சட்டை இல்லாம நெஞ்சோட நெஞ்சா போட்டுக்கங்க. மேல ஒரு துணியால கட்டிக்கங்க. மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியணும். கால் சில்லுனு இருந்தா பயப்படாதீங்க, வயித்துல புறங்கையை வச்சுப் பாருங்க. வயிறும் சில்லுனு இருந்தாத்தான் பயப்படணும். உங்க மணம் ஏறினா உங்களைத் தானா தேடுவான். பாலும் தானா ஊறும்."

திரும்பும் வழியில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நல்லது பண்ணின மனுஷிதானே. அவங்க இல்லேன்னா இவனே நமக்கு இல்ல. இதுல பயப்பட என்ன இருக்கு?" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயத்தால் அவளுக்கு ஒரு உதவியும் இல்லை. அவளை வாசலில் இறக்கிவிட்டு, மதிய வண்டி எடுக்கப் போய்விட்டான்.

அவள் பெட்டியிலிருந்து மெல்லிய பருத்தித் துணியை எடுத்தாள். நீளம் பார்த்துக் கத்தரித்தாள். ரவிக்கையைக் கழற்றிவிட்டு, பிள்ளையை டயப்பரோடு மட்டும் நெஞ்சில் நிமிர்த்திப் போட்டு, கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கும் வாயும் தெரிய, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முடிச்சு வலது பக்கம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். இனி இவனை யார் இறக்குகிறார்கள் என்று பார்க்கலாம்.

பிறகு அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "போகட்டும் விடு. பிள்ளை பெத்த உடம்பு, பேசத்தான் செய்யும். நான் கோவம் வந்த வேகத்துல கிளம்பினது எனக்கே நல்லா இல்ல. பெரியவர் என்ன பண்றார்?"

"என் மேலதான் இருக்கான். அண்ணி, வந்துடறீங்களா? இன்னிக்கே."

"பொழுது சாயறதுக்குள்ள வரேன். சாவிதான் என்கிட்டயே இருக்கே, நீ எழுந்து கதவெல்லாம் திறக்க வேண்டாம். அவனை வச்சுக்கிட்டு அப்படியே இரு."

போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே. என் வீடு, என் நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை இருண்டது. எழுந்து விளக்கைப் போட மனம் வரவில்லை. பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தடியில் ஏறி இறங்கியது; சில நேரம் அவசரமாக, சில நேரம் நின்று, அவள் பதறுமுன் மறுபடி தொடர்ந்து. புதுப் பிள்ளைகளின் மூச்சே அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மழைச் சத்தத்தின் நடுவே, கட்டிலின் விளிம்பு முனகியது. யாரோ மெல்ல உட்கார்ந்த மாதிரி.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிள்ளையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்களைப் பத்திச் சொன்னாங்க. நீங்க செஞ்சது பெரிய உதவி. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இவன் என் பிள்ளை. இனிமே நான் பார்த்துக்கறேன். நீங்க வர வேண்டாம்."

மழை மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து கட்டில் மறுபடி முனகியது. வாடை தேய்ந்தது. போய்விட்டது. அப்போது பிள்ளை அசைந்தது. கன்னத்தை அவள் தோலில் தேய்த்தது. வாயைத் திறந்தது. தேடியது. அவளை. கட்டைத் தளர்த்தி மார்போடு சேர்த்தாள், பிள்ளை வாய் நிறையப் பற்றிக்கொண்டது. முதுகுத்தண்டிலிருந்து ஏதோ சுரீரென்று இறங்கி, இரண்டு பக்கமும் கடுத்தது. பால். பால் வந்துவிட்டது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். அவள் வாய்விட்டு அழுதாள், பிறந்த அன்றுகூட அப்படி அழவில்லை. குடித்து முடித்துப் பிள்ளை கிறங்கியதும், மறுபடி நெஞ்சில் நிமிர்த்திக் கட்டி, முடிச்சை வலது பக்கம் இறுக்கினாள். இத்தனை நாள் தூக்கமும் சேர்ந்து அவள் இமையில் உட்கார்ந்தது.

விழித்தபோது மழை விட்டிருந்தது. அறையில் சாயங்கால இருட்டு. முதலில் நெஞ்சைத்தான் தடவினாள். இருக்கிறான். பாரம் இருக்கிறது. சின்னத் தலை, சின்ன முதுகு. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

மெத்து. மெத்து. மெத்து.

தட்டும் சத்தம். அவள் கை அசையவில்லை.

கட்டிலில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். மருத்துவமனைச் சட்டை, பின்னால் நாடா அவிழ்ந்து, நனைந்த முடி முதுகெலும்பில் ஒட்டியிருந்தது. உட்கார்ந்த இடத்தைச் சுற்றி விரிப்பு கறுப்பாக ஈரம். இடது கை உயர்ந்து, குழிந்து, இறங்கியது. அவள் தோளுக்கு மேலே ஒரு முகம். நெற்றிச் சுருக்கம். உப்பிய கன்னம். பெரியவர்.

பிள்ளை ஏப்பம் விட்டது. உதட்டோரம் பால் வழிந்தது. அவளுடைய பால்.

கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. எழப் பார்த்தாள். தையல் பிடித்து இழுத்தது. நெஞ்சில் இருந்த பாரம் அசைந்தது.

புறங்கையை மெல்ல உள்ளே விட்டாள். கால் சில்லென்று இருந்தது. கால் சில்லென்று இருந்தால் பயப்பட வேண்டாம். வயிறு. வயிற்றில் வைத்தாள்.

கல் தரை மாதிரி இருந்தது.

முடிச்சைத் தேடினாள். வலது பக்கம் இல்லை. இடது பக்கம். சீராக, அழகாக, கட்டியவள் தவிர யாராலும் அவிழ்க்க முடியாதபடி. நகம் உடைந்தது. முடிச்சு அசையவில்லை.

'இவங்கம்மா வந்ததும் என் பிள்ளையை அவங்க நெஞ்சுல போடுங்க.' சரிம்மா என்றாளாம் நர்ஸ்.

கட்டிலில் இருந்தவள் எழுந்தாள். பிள்ளையின் தலையைக் கையால் தாங்கி, பதமாக, தப்பில்லாமல் தோளில் சாய்த்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் அறையைக் கடந்தது. கூடத்தைக் கடந்தது. எங்கோ வெளியே, தூரத்தில், பிள்ளை ஒரே ஒரு தடவை அழுதது. அந்த அழுகைக்கு அவள் மார்பு இரண்டும் கடுத்து, பால் தானாக இறங்கித் துணியை நனைத்தது.

நெஞ்சில் இருந்தது அந்த மணத்துக்குத் தலையைத் திருப்பியது. கன்னத்தைத் தேய்த்தது. வாயைத் திறந்தது.

வாசலில் சாவி திரும்பியது. அண்ணியின் செருப்புச் சத்தம். "இருட்டுல ஏன் உட்கார்ந்திருக்க?" விளக்கு எரிந்தது. கட்டிலில் விரிப்பு காய்ந்து, மடிப்புக் கலையாமல் கிடந்தது. அண்ணி கிட்டே வந்தாள், குனிந்து பார்த்தாள், முகம் மலர்ந்தாள்.

"அடேயப்பா. என்னமா பிடிச்சுக் குடிக்கிறார். நான்தான் சொன்னேன்ல, உன்னைத் தெரிஞ்சுக்க அவருக்குக் கொஞ்சம் நாள் வேணும், அவ்வளவுதான்."

அவள் அண்ணியையே பார்த்தாள். உதடு அசைந்தது. அது இவன் இல்லை அண்ணி. அது இவன் இல்லை. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அண்ணிக்கு அது புரிந்த மாதிரி இருந்தது. தலையைக் கோதிவிட்டாள். பிறகு துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைத் தொட்டாள்.

"கால்தான் ஐஸ் மாதிரி இருக்கு. மழைக் குளிர். நல்லா அணைச்சுக்கம்மா, சூடு ஏறிடும்."

அவள் கைகள் அவளைக் கேட்காமல் எழுந்தன. அணைத்துக்கொண்டன. அது கண்ணைத் திறக்காமல், மடக் மடக்கென்று குடித்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அதன் வயிற்றில் சூடு ஏறியது. அவளுக்குக் குளிர ஆரம்பித்தது.